புலிக் கூண்டு வைக்கோலும் சந்தனக் கன்றும்

ஆடு கடித்த கன்று எது, முயல் கடித்த கன்று எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமலே நான் இரண்டு வருஷம் சர்க்காருக்கு மரம் வளர்த்தேன். பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. நகரத்து நடுவே ஒக்கலிபுரத்தில் ரயில் புகைக்குள் பிறந்து வளர்ந்தவன் நான். கையெழுத்து அழகாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக என்னைக் காட்டிலாகாவில் ரைட்டராக எடுத்து, சந்தாபுராவுக்குத் தெற்கே ஓர் ஏரியின் மேலே இருந்த சரிவுக்கு அனுப்பினார்கள். சரிவைச் சுற்றி வேலி, உச்சியில் பெரிய பெரிய பாறைகள், கீழே ஏரி, நடுவில் ஓடு போட்ட ஒரு வீடு. வீட்டில் நானும் என் மனைவியும் இருந்தோம். சரிவு முழுக்கச் சந்தனம் வளர்க்க வேண்டும் என்பது உத்தரவு.

சந்தனக் கன்று சுத்தச் சோம்பேறி. தனியாக நின்று பிழைக்காது. மண்ணுக்கடியில் பக்கத்துச் செடியின் வேரைப் பிடித்துக்கொண்டால்தான் அதற்குச் சாப்பாடு. அதனால் ஒவ்வொரு குழியிலும் ஒரு துவரையைச் சேர்த்து விதைப்போம். முதல் வருஷம் நட்டதெல்லாம் கார்த்திகைக்குள் போய்விட்டது. இரண்டாம் வருஷமும் அதே கதை. காலையில் போய்ப் பார்த்தால் ஒரு சாண் உயரத்துக்குத் தண்டு மட்டும் நிற்கும், தலை இருக்காது. ஏரியோரம் இருந்த இளம் புங்க மரங்களின் நிலைமை அதைவிட மோசம். அடிப்பட்டையை யாரோ வட்டமாகச் சுரண்டி எடுத்திருப்பார்கள். மரம் நின்றபடியே காயும்.

மூன்றாவது தடவை நட்டு முடித்த அன்று சூப்பரின்டெண்ட் வந்தார். குதிரையை விட்டு இறங்கவில்லை. அடுத்த கோடை முடியும்போது பாதிக் கன்றாவது உயிரோடு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சரிவைக் கல்லுடைக்கக் குத்தகைக்கு விட்டுவிடுவார்கள், நானும் மூட்டை கட்டலாம் என்று கன்னடத்தில் நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார். என் மனைவி ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று குழம்பில் உப்பு இல்லை. நான் அப்படியே சாப்பிட்டேன்.

ஏரிக்கு அக்கரையில் ஆடு வைத்திருந்த ஒரு பெண் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். புருஷன் கோலார் சுரங்கத்தில் வேலை செய்தான், எப்போதாவது வருவான். அக்கரை முழுக்க இறங்க முடியாத சேறு. அதனால் அவள் தினமும் எங்கள் வேலியை ஒட்டிய மண் பாதையில் ஆடுகளைத் தண்ணீருக்கு ஓட்டிக்கொண்டு போவாள். எனக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? ஒருநாள் ஐந்தாறு ஆடுகளைப் பிடித்துச் சர்க்கார் பட்டியில் அடைத்துவிட்டேன். அவள் அழவும் இல்லை, கும்பிடவும் இல்லை. நேராக வேலிக்குள் வந்து ஒரு மொட்டைத் தண்டின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"ரைட்டரய்யா, இங்க வாங்க. இதப் பாருங்க. ஆடு கடிச்சா இழுத்துப் பிக்கும், தண்டு நார்நாரா தொங்கும். இது எப்படி இருக்குது? சாய்வா, கத்தி வெச்சு அறுத்தாப்ல இல்ல? மொசலு. அந்தப் புங்க மரத்துல பட்டை சுரண்டறது முள்ளம்பன்னி. எங்க ஆடு ராத்திரி பூரா எங்க வீட்டுப் பட்டியில படுத்திருக்குது. அது எந்திரிச்சு வந்து உங்க செடியத் தின்னுச்சா?"

எனக்குக் கோபம் வந்தது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டியதை இன்னொருவர் சரியாகச் சொல்லும்போது வருகிற கோபம். அன்று மாலையே ஆடுகளை விடுவித்தேன், ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து முயலோடு யுத்தம் தொடங்கியது. முள் வெட்டிப் போட்டேன். தகர டப்பா கட்டித் தொங்கவிட்டேன். அம்பட்டர் கடையிலிருந்து ஒரு சாக்கு முடி வாங்கிவந்து தூவினேன். முயல்கள் அதையெல்லாம் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. மூன்றாவது நடவும் தலை இழக்கத் தொடங்கியது.

இந்த நேரத்தில் எரு வண்டி வந்தது. கன்டோன்மென்ட் குதிரை லாயத்திலிருந்து சாணமும் வைக்கோலும் கொண்டுவருவதற்கு ஒரு வண்டிக்காரரை ஏற்பாடு செய்திருந்தோம். நல்ல மனிதர், வாயாடி. அன்று மட்டும் பேசாமல் வந்தார். மாடுகளின் மூக்கில் வேப்பெண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "ஈ தொல்லை சார்" என்றார். வைக்கோலை இறக்கியபோது ஒரு நாற்றம் அடித்தது. குதிரை லாயத்து நாற்றம் எனக்குத் தெரியும், இது அது இல்லை. தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்கிற நாற்றம். இருந்தாலும் வந்த எருவைத் திருப்பி அனுப்ப நான் என்ன மகாராஜாவா? கூலியாட்களை விட்டுச் சரிவின் கீழ்ப்பாதியில் கன்றுகளைச் சுற்றிப் போட்டேன். மேல்பாதிக்குப் போதவில்லை.

பதினைந்து நாள் கழிந்தது. மேல்பாதியில் தினமும் தலைகள் போய்க்கொண்டிருந்தன. கீழ்ப்பாதியில் ஒரு கன்றைக்கூட ஒன்றும் தொடவில்லை. நான் வரிசை வரிசையாக நடந்து பார்த்தேன். வைக்கோல் கிடந்த கடைசி வரிசைவரை பச்சை, அடுத்த வரிசையில் மொட்டை. நடுவில் ஒரு கோடு கிழித்ததுபோல் இருந்தது. அந்தக் கோட்டின்மேல் நின்ற எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மர்மத்தை உடைத்தது என் மனைவி. வைக்கோலைக் குச்சியால் கிளறி, கடித்து நொறுக்கிய ஒரு மாட்டெலும்பையும் ஒட்டிக்கொண்டிருந்த முரட்டு மயிர்க் கற்றையையும் எடுத்துக் காட்டினாள். மயிர் பாதி மஞ்சளாகவும் பாதி கறுப்பாகவும் இருந்தது.

"என்னங்க, எந்த ஊர்க் குதிரை எலும்பு தின்னும்?" என்றாள்.

அடுத்த தடவை வண்டி வந்தபோது வண்டிக்காரரை நிற்க வைத்துக் கேட்டேன். அவர் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினார். "கோச்சுக்காதீங்க சார். லாயத்துல குதிரைக்கெல்லாம் பீமாரி, தொத்து நோவு, குப்பையக் கொளுத்திட்டாங்க. வெறும் வண்டியா வந்தா நீங்க திட்டுவீங்க. வர்ற வழியில பெரிய தோட்டத்துல மிருகங்க வெச்சிருக்காங்கல்ல, அங்க புலிக் கூண்டுல மாத்தின வைக்கோல் மலையாட்டம் கெடந்துச்சு. அள்ளிக்கினு வந்துட்டேன். மாடு ரெண்டும் வண்டி இழுக்க மாட்டேன்னுச்சு, எண்ணெய் தடவித்தான் ஓட்டினேன்."

நான் அவரைத் திட்டவில்லை. அவர் திட்டுக்குத் தயாராக நின்றார். நான் அந்த வைக்கோலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தச் சரிவு முயல் புலியை எங்கே கண்டது? அதன் அம்மா, பாட்டி, அதற்கும் முந்தின பாட்டி, எதுவும் கண்டிருக்காது. இந்தப் பக்கத்தில் புலி இருந்ததாக யாரும் சொன்னதில்லை. ஆனாலும் மூக்கு நுனியில் அந்த நாற்றம் பட்டதும் அதன் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. சொல்லிக்கொடுக்க யாரும் இல்லாத பாடம், அதன் ரத்தத்திலேயே இருந்திருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டிக்காரரோடு போய் அந்தப் புலியைப் பார்த்தேன். கிழட்டுப் புலி. ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. பக்கவாட்டில் சரிந்து படுத்து, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எறிந்த நிலக்கடலைத் தோலின்மேல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அது என் பக்கம் திரும்பவே இல்லை. இத்தனை மைல் தூரத்தில் ஒரு சரிவில் ஆயிரக்கணக்கான கன்றுகளைத் தன் மூத்திர வாடையால் காவல் காத்துக்கொண்டிருப்பது அதற்குத் தெரியாது. கூண்டுக்கு முன்னால் நின்ற எனக்குக் கை தானாகக் குவிந்தது. வண்டிக்காரர் வேறு பக்கம் பார்ப்பதுபோல் நின்றார். கோயிலில்கூட நான் அவ்வளவு மனதார நின்றதில்லை.

அதன்பின் வாரம் தவறாமல் புலி வைக்கோல் வந்தது. மேல்பாதிக்கும் போட்டோம். ஐப்பசி மழையில் கன்றுகள் கிளை விட்டன. நான் துள்ளிக் குதிக்காத குறை. ஆனால் முயல் என்னைவிடக் கெட்டிக்காரப் பிராணி. வாடை இருக்கிறது, வாடைக்குச் சொந்தக்காரன் வரவே இல்லை என்று அது கணக்குப் போட்டுவிட்டது. கார்த்திகை முடிவில் ஒரு காலை, புலி வைக்கோலின் மேலேயே சுகமாக உட்கார்ந்து ஒரு முயல் சந்தனக் கொழுந்து தின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். என்னைக் கண்டு அது சாவகாசமாக எழுந்து போனது. சரிவு கல்லுடைக்கப் போவது நிச்சயம் என்று அன்று வீட்டில் சொன்னேன். மனைவி வெற்றிலை மடித்துக் கொடுத்தாள்.

வாடைக்குச் சொந்தக்காரன் வரவில்லைதான், ஆனால் அவன் உறவுக்காரன் வந்துவிட்டான். மார்கழியில் ஒரு சாயங்காலம், வெயில் இன்னும் பாறைகளின்மேல் இருந்தது. கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றி முடித்துக் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். எங்கும் சத்தம் இல்லை. அந்த நேரத்தில் விடாமல் கத்துகிற கவுதாரிகள்கூட ஓய்ந்திருந்தன. உச்சிப் பாறையின்மேல் ஒரு சிறுத்தை உட்கார்ந்திருந்தது. வீட்டுப் பூனை மதில்மேல் உட்கார்வதுபோலத்தான், முன்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு. பன்னர்கட்டா காட்டிலிருந்து இந்த வைக்கோல் வாடையை விசாரிக்க வந்ததோ, தற்செயலாக வந்ததோ, எனக்குத் தெரியாது. அது என்னைப் பார்த்தது. எனக்கும் அதற்கும் நடுவில் முழங்கால் உயரக் கன்றுகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. பயம்தான். ஆனாலும் கண்ணை எடுக்க மனம் வரவில்லை. அவ்வளவு அழகான ஒன்று என்னை ஏறெடுத்துப் பார்த்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பிறகு அது எழுந்து, முதுகை வளைத்துச் சோம்பல் முறித்துவிட்டுப் பாறைக்குப் பின்னால் இறங்கிப் போனது.

அதன்பின் நடந்ததை நான் தினமும் பார்த்தேன், ஆனாலும் இன்றைக்கும் முழுதாக நம்ப முடியவில்லை. அந்தச் சிறுத்தை கொன்றது கொஞ்சம்தான். இரண்டு முயல்களின் மிச்சத்தைக் கண்டேன். ஏரியோரம் ஒருநாள் முள்ளம்பன்னி முட்கள் இறைந்து கிடந்தன. அவ்வளவே. கன்றுகளைக் காப்பாற்றியது அது கொன்றது இல்லை, அது வரக்கூடும் என்பது. முன்பெல்லாம் பாறை ஓரத்திலும் புதர் ஓரத்திலும் இருந்த கன்றுகள்தான் முதலில் போகும், முயலுக்கு ஓடி ஒளிய வசதி. இப்போது அந்த ஓரங்களில்தான் கன்று நன்றாகத் தழைத்தது. ஒளிய வசதியான இடத்தில் தன்னைத் தின்னுகிறதும் ஒளிந்திருக்கும் என்று முயலுக்குப் புரிந்துவிட்டது. வெட்டவெளிக்கு வந்தாலும் ஒரு வாய் கடிக்கும், நிமிர்ந்து பார்க்கும், மறு வாய் கடிக்காமல் ஓடும். ஏரியோரப் புங்க மரங்களில் பட்டை சுரண்டுவது நின்றது. நான் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மரத்தை வளர்ப்பது தண்ணீர் மட்டும் இல்லை, ஒரு முயலின் பயமும்தான்.

அந்த மாதமே ஆடு வைத்திருந்த பெண் வேலியோரம் வந்து நின்றாள். ஒரே வாரத்தில் இரண்டு ஆடுகள் காணவில்லை.

"ரைட்டரய்யா, எதாச்சும் தடம் கண்டீங்களா?"

கண்டேன். அன்று காலைதான் கண்டேன், அவள் ஆடு ஓட்டுகிற அதே மண் பாதையில், என் உள்ளங்கை அகலத்துக்கு. ஆனால் சிறுத்தை என்ற ஒரு சொல் ஆபீஸ் காதில் விழுந்தால் வேட்டைக்காரர்கள் வந்து நிற்பார்கள். அதைச் சுட்டால் மறுவாரமே முயல் திரும்பும், கோடைக்குள் சரிவு மொட்டையாகும்.

"தெருநாய்ங்களா இருக்கும்மா" என்றேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள். மறுநாள் விடிந்ததும் நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவள் வருவதற்கு முன் பாதை நெடுக நடந்து, எங்கெங்கே கால் தடம் இருந்ததோ அங்கெல்லாம் பெருக்கி அழித்தேன். ஏரிக்கு இறங்க மூன்று வழிகள் இருந்தன. ஒருநாள் ஒரு வழியில் தடம் இருக்கும், மறுநாள் வேறு வழியில். தடம் இருந்த வழியை மட்டும் பெருக்குவேன். தைப் பொங்கலுக்குள் ஒரு துடைப்பம் தேய்ந்துபோயிற்று.

"வீட்டுல ஒரு குப்பையை எடுத்துப் போடச் சொன்னா இடுப்பு வலிக்குது. காட்டைப் பெருக்க மட்டும் விடியறதுக்குள்ள ஓடறீங்க" என்றாள் மனைவி. அவளுக்கு எல்லாம் தெரியும். அவளுக்கு அந்த வீடு பிடித்துப்போயிருந்தது, அதனால் புதுத் துடைப்பம் வாங்கி வைத்தாள்.

மாசியில் எனக்குக் காய்ச்சல் கண்டது. நான்கு நாள் கண் திறக்க முடியவில்லை. ஐந்தாம் நாள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, ஆட்டுக்காரப் பெண்ணின் சினை ஆடு ஒன்று போய்விட்டது என்று கூலியாட்கள் வெளியே பேசிக்கொண்டார்கள். கஞ்சியைக் கீழே வைத்தேன். ஆனாலும் மறுநாள் காலை தடுமாறிக்கொண்டே போய்ப் பெருக்கினேன். அதற்குமேல் அவளுக்கு ஓர் ஆடுகூடப் போகவில்லை. சிறுத்தைக்கு முயல் போதும் போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்த பிறகு சூப்பரின்டெண்ட் வந்தார். இந்தத் தடவை குதிரையை விட்டு இறங்கினார். வரிசைகளுக்குள் நடந்தார். சில இடங்களில் சந்தனம் அவர் இடுப்பைத் தொட்டது. ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார், ஏதோ இப்போதே வாசனை வரும் என்பதுபோல. வேலிக்கு வெளியே அந்தப் பெண் ஆடுகளோடு நின்றிருந்தாள். காணாமல் போன ஆடுகளைப் பற்றி அவள் வாயைத் திறந்தால் எல்லாம் முடிந்தது.

"முயலை எப்படித் தடுத்தே?" என்று கேட்டார் சூப்பரின்டெண்ட்.

"காவல் பலம் சார்" என்றேன்.

அந்தப் பெண் ஆடுகளை ஓட்டிக்கொண்டு நகர்ந்தாள். சூப்பரின்டெண்ட் என் தோளில் தட்டினார். சரிவு குத்தகைக்குப் போகாது, எனக்கு வேலை நிரந்தரம் என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார். என் மனைவி ஜன்னலுக்குப் பின்னாலிருந்து வாசலுக்கே வந்துவிட்டாள்.

அன்று மாலை வெட்கம் தாங்காமல் நான் ஏரிக்கரைக்குப் போனேன். அவள் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். முதலில் அவள் பேசினாள்.

"சிறுத்தைன்னு எனக்கு அப்பவே தெரியும் ரைட்டரய்யா. ஆளே இல்லாத காட்டுப் பாதைய யாராச்சும் பெருக்குவாங்களா? தொடப்பம் பட்ட வரி வரியா தெரியுமே. சர்க்காருக்குச் சொன்னா வேட்டைக்காரங்க வருவாங்க, இந்தப் பக்கமே ஆடு ஓட்டாதேம்பாங்க, அப்பறம் எங்க ஆட்டுக்குத் தண்ணி ஏது? அதான் நீங்க வாய்ல சொல்லாம தொடப்பத்துல சொல்றீங்கன்னு புரிஞ்சிக்கிட்டேன். எந்த வழி பெருக்கியிருக்குதோ அந்த வழியில ஆட்ட விடமாட்டேன். அன்னைலேர்ந்து ஒண்ணும் போகலே."

அவள் ஒரு குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அந்த நாலு நாளு மட்டும் எந்த வழியிலயும் தொடப்பம் படலே. சிறுத்தை போயிடுச்சுன்னு நம்பி விட்டேன். சினை ஆடு போச்சு. அன்னிக்கு ஏன் பெருக்கலே?"

"காய்ச்சல்" என்றேன்.

"ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா?"

அவள் குரலில் கோபம் இல்லை, நம்பிய ஒருவரிடம் கேட்கிற குறைதான் இருந்தது. அந்தத் துடைப்பம் அவளை ஏமாற்றத்தான் என்று நான் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. இந்தக் காகிதத்தில்தான் முதலில் சொல்கிறேன். மறுநாள் விடிந்ததும் நடுவழியில் புதுத் தடம் இருந்தது. முந்தின நாட்களைப் போலவே குனிந்து அதைப் பெருக்கினேன். அன்றுதான் முதல்முதலாக அவளுக்காகப் பெருக்கினேன்.